ஆளில்லா நீரடிக் கலங்களும் கடற்போரும்

ஆளில்லா நீரடிக் கலம் என்பது மனிதர் எவரும் ஏறாமல் நீருக்கடியில் இயங்கும் ஊர்தியாகும். இவற்றில் இரண்டு வகைகள் முக்கியமானவை. கப்பலிலிருந்து இறக்கப்படும் வடத்தின் வழியாக ஒருவர் இயக்குவது முதல் வகை. இது தொலைஇயக்கக் கலம் எனப்படும். வடம் ஏதுமின்றி, தனக்குள் இருக்கும் கணினியின் கட்டளைப்படி போய்வருவது இரண்டாம் வகை. இது தன்னியக்கக் கலம் எனப்படும். வடம் உண்டா இல்லையா என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் நீருக்கடியில் ஆளில்லாமல் செல்லும் போர்க்கருவிகளின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு பெரும்பாலும் அந்த வடத்தைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

கயிற்றில் தொடங்கிய கதை

ஆஸ்திரியக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜியோவானி லுப்பிஸ் என்பவர் 1860களில் ஒரு சிறு படகைச் செய்தார். அதில் வெடிமருந்து இருக்கும், ஆள் இருக்கமாட்டார். கரையில் நிற்பவர் கயிறுகளை இழுத்து அதைத் திருப்பி எதிரிக் கப்பலின் மீது மோதவிட வேண்டும். கடற்படை அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. லுப்பிஸ், ஃபியூமே நகரில் (இன்றைய குரோவேஷியாவின் ரியேகா) தொழிற்சாலை நடத்திவந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட்டை நாடினார். வைட்ஹெட் கயிற்றை விட்டுவிட்டார். படகை நீருக்கடியில் கொண்டுபோனார். அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் அவருடைய டார்பிடோ 1866இல் செய்துகாட்டப்பட்டது. நீரின் அழுத்தத்தை உணரும் ஒரு கருவியும் ஓர் ஊசலும் சேர்ந்து, அது செல்லும் ஆழத்தை ஒரே அளவில் வைத்திருந்தன. மனிதக் கை படாமல் தன் ஆழத்தைத் தானே திருத்திக்கொண்ட அந்தக் கருவியை இன்றைய தன்னியக்கக் கலங்களின் மூதாதை என்று சொல்வது மிகையாகாது. 1878 ஜனவரியில் படூமி துறைமுகத்தில் துருக்கிக் கப்பலான இன்டிபாவை ரஷ்யர்கள் வைட்ஹெட் டார்பிடோவால் மூழ்கடித்தனர்.

கயிறு முற்றிலும் மறைந்துவிடவில்லை. லூயிஸ் பிரென்னன் வடிவமைத்த டார்பிடோவில் இரண்டு கம்பிகள் சுருட்டப்பட்டிருக்கும். கரையிலுள்ள நீராவி இயந்திரம் அவற்றை வேகமாக இழுக்க, அந்த இழுப்பிலேயே விசிறிகள் சுழன்று டார்பிடோ முன்னே ஓடும். ஒரு கம்பியை மற்றதைவிட விரைவாக இழுத்தால் அது திரும்பும். பின்னால் இழுக்க இழுக்க முன்னால் ஓடும் இந்த விந்தைக் கருவியைப் பிரிட்டன் தன் கடலோரக் கோட்டைகளில் பல ஆண்டுகள் வைத்திருந்தது.

கைவிட்டுப் போன ஆயுதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் விரைவிலேயே எழுந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் இடப்பட்ட கடற்கண்ணிகள் போர் முடிந்த பின்பும் மிதந்து திரிந்து, போரில் சேராத சீனப் படகுகளையும் அவற்றில் இருந்தோரையும் பலிகொண்டன. 1907ஆம் ஆண்டின் எட்டாம் ஹேக் உடன்படிக்கை இதற்கு வரம்பு கட்டியது. நங்கூரமிடாத கண்ணி, இட்டவரின் கட்டுப்பாட்டை விட்டு நீங்கிய ஒரு மணி நேரத்துக்குள் செயலற்றுப்போக வேண்டும். குறி தவறிய டார்பிடோவும் செயலற்றுப்போக வேண்டும். கணினி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்து விதி இது. இன்றைய விவாதத்தின் வேர் இதில்தான் இருக்கிறது.

கடல் போடும் தடை

வானத்தில் பறக்கும் டிரோனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்தும் இயக்க முடியும். நீருக்கடியில் ஏன் முடியவில்லை? உப்புநீர் வானொலி அலையை விழுங்கிவிடுகிறது. ஜி.பி.எஸ். குறிப்பலையும் நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் வரை செல்லும். அதை அனுப்ப மிகப் பெரிய அலைக்கம்பங்கள் தேவை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இப்பணிக்காகவே அமைந்தது. அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி சொல்லலாம். கப்பல் அதே வழியில் பதில் சொல்ல முடியாது. படம், காணொளி போன்றவற்றுக்கு அங்கே இடமே இல்லை.

எஞ்சுவது ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 15 கி.மீ. தொலைவில் உள்ள கலத்திடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வந்துசேர 20 நொடி ஆகும். அதுவும் சுருக்கமான செய்தியாகவே இருக்கும். ஒலி எழுப்பியவரின் இருப்பிடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே வடத்தை அறுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும் கலம் பெரும்பாலான நேரம் தன் முடிவுகளைத் தானே எடுக்க வேண்டியிருக்கிறது. வானத்தில் இது ஒரு தேர்வு. கடலடியில் இது கட்டாயம்.

அணுகுண்டைத் தேடியும் கண்ணியைத் தேடியும்

1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே இரண்டு அமெரிக்க இராணுவ விமானங்கள் மோதிக்கொண்டன. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில் கிடைத்தன; ஒன்று கடலுக்குள் போயிற்று. ஆல்வின் என்ற ஆளேறும் சிறு நீர்மூழ்கி அதைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவந்தது கர்வ் என்ற தொலைஇயக்கக் கலம். குண்டின் பாராசூட்டில் கர்வ் சிக்கிக்கொள்ளவே, ஏப்ரல் 7 அன்று இரண்டையும் சேர்த்தே மேலே இழுத்தனர். வடம் மட்டும் இல்லையென்றால் கலமும் குண்டோடு அங்கேயே கிடந்திருக்கும்.

வடமில்லாக் கலம் ஆய்வுக்கூடத்தில்தான் வளர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1957இல் தொடங்கிய ஸ்பர்வ் அவற்றில் முன்னோடி. போர்க்களத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குக் காரணமாக இருந்தவை கண்ணிகளே. 1991 பிப்ரவரி 18 அன்று பாரசீக வளைகுடாவில் டிரிப்போலி, பிரின்ஸ்டன் என்ற இரு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சில மணி நேர இடைவெளியில் ஈராக்கியக் கண்ணிகளில் சிக்கின. இதில் டிரிப்போலி, கண்ணி அகற்றும் ஹெலிகாப்டர்களுக்குத் தளமாக இருந்த கப்பல்! உலகின் மிக வலிய கடற்படை, விலை மலிந்த பழைய ஆயுதத்திடம் அடிவாங்கியது.

2003இல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் ரெமஸ் என்ற தன்னியக்கக் கலம் இறக்கப்பட்டது. சுமார் 1.6 மீட்டர் நீளம், 37 கிலோ எடை. இருவர் தூக்கிப் படகில் வைத்துவிடலாம். உழவர் சால் விட்டு உழுவது போல, கலங்கிய நீரில் முன்னும் பின்னுமாகச் சென்று, இருபுறமும் ஒலியைச் செலுத்திக் கடலடியைப் படம் பிடித்தது. முக்குளிப்பவர் அந்தச் சேற்று நீரில் கைக்கெட்டும் தூரத்தைக்கூடப் பார்ப்பது அரிது. பயிற்றப்பட்ட டால்பின்களும் அதே பணியில் இருந்தன. மார்ச் 28 அன்று உணவும் நீரும் ஏற்றிய சர் கலஹாட் என்ற பிரிட்டிஷ் கப்பல் துறைமுகத்தை அடைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெமஸ் பார்க்க மட்டுமே செய்தது. அது திரும்பிய பிறகு படங்களைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. கடைசிக் கண்ணிவாரிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019இல் ஓய்வு பெற்றது. விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம், ஆள் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணி தேடும் கலங்களை உருவாக்கியுள்ளது. நீளமான கடற்கரையும் பெரிய துறைமுகங்களும் உள்ள நாட்டுக்கு இது ஆடம்பரமன்று.

கப்பலா, கருவியா?

2016 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவிலிருந்து சுமார் 50 கடல்மைல் தொலைவில், அமெரிக்கக் கப்பல் பவ்டிச் மீட்கவிருந்த நீரடி மிதவைக் கலத்தைச் சீனக் கடற்படையினர் அதன் கண்ணெதிரே எடுத்துச் சென்றனர். அது நீரின் உப்பையும் வெப்பத்தையும் அளப்பது. இறையாண்மைக் காப்புடைய கலம் அது என்றது அமெரிக்கா. அடையாளம் தெரியாத ஒரு பொருள், கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்புக்காக எடுத்தோம் என்றது சீனா. சில நாட்களில் அது திருப்பித் தரப்பட்டது. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1982 ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் வரையறைப்படி, போர்க்கப்பலுக்கு ஓர் அதிகாரியின் தலைமையும் மாலுமிகளும் இருக்க வேண்டும். ஆளில்லாக் கலத்தில் இரண்டும் இல்லை.

2022க்குப் பின் கருங்கடலில் உக்ரைன் ஏவிய வெடிபடகுகள் ரஷ்யக் கப்பல்கள் பலவற்றைத் தாக்கின. 2024 பிப்ரவரியில் இவானோவெட்ஸ், சீசர் குனிகோவ் என்ற இரண்டு மூழ்கின. இவை நீரின் மேற்பரப்பில் ஓடுபவை. அலைவாங்கி காற்றில் இருப்பதால், தொலைவிலிருந்து கேமராவில் பார்த்தே ஒருவர் இவற்றை ஓட்டலாம். நீரடிக் கலங்கள் பின்தங்கியதற்கு மேலே சொன்ன தடையும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் நோவோரோசிஸ்க் துறைமுகத்தில் நின்ற ரஷ்ய நீர்மூழ்கியை நீரடி டிரோனால் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. சேதம் இல்லை என்று ரஷ்யா மறுத்தது. அணுசக்தியால் ஓடும் பொசைடன் என்ற பெருங்கலத்தைப் பற்றி ரஷ்யா 2018இலேயே அறிவித்திருந்தது. அமெரிக்காவின் ஓர்கா, ஆஸ்திரேலியாவின் கோஸ்ட் ஷார்க் ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. ஓர்காவின் செலவு 24 கோடி டாலருக்கும் மேல் கூடி, மூன்று ஆண்டுகளுக்கும் மேல் தாமதமானதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2022இல் குறைகூறியது. விளம்பரப் படங்களில் ஆழம் எளிதாகத்தான் தெரிகிறது.

கண்ணிகளைச் சுமந்து சென்று, எதிரித் துறைமுகத்தின் வாயிலில் யாருக்கும் தெரியாமல் இட்டுவிட்டுத் திரும்புவது ஓர்காவுக்குக் கருதப்பட்ட முதன்மைப் பணிகளுள் ஒன்று. 1907இன் விதி இட்டவரையும் அவருடைய கட்டுப்பாட்டையும் வைத்து நேரத்தைக் கணக்கிடுகிறது. இட்டது ஓர் இயந்திரம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதை உடன்படிக்கை சொல்லவில்லை. தன்னியக்க ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிவருகின்றன.