உபதேசியார் ஆரோனின் பதினைந்து வருடங்கள்

தரங்கம்பாடி மிஷன் பற்றி யார் எழுதினாலும் சீகன்பால்குவில்தான் ஆரம்பிப்பார்கள். 1706-இல் கப்பலில் வந்து இறங்கினார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தெரிந்த கதைதான். எனக்கு அவரைவிட ஆரோன் மேல்தான் ஆர்வம்.

ஆரோன் கடலூர்க்காரர், வேளாளர். 1718-இல் ஞானஸ்நானம் வாங்கினார். மறு வருடமே சீகன்பால்கு இறந்துவிட்டார். ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733 டிசம்பரில். இந்தியாவின் முதல் புரோட்டஸ்டன்ட் போதகர் என்று வரலாறு அந்த ஒரு நாளைக் கொண்டாடுகிறது. நடுவில் போன பதினைந்து வருடம்?

அதில்தான் விஷயமே இருக்கு. முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு உபதேசியார். ஊர் ஊராக நடக்கணும், நோயாளியைப் பார்க்கணும், கேட்கிறவனுக்குப் பதில் சொல்லணும், திரும்பி வந்து மிஷனரியிடம் கணக்கு ஒப்பிக்கணும். தரங்கம்பாடியில் 1716-லேயே பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. ஆனால் வேலை கைக்கு வந்தது தெருவில்தான். நான் பட்டம் வாங்கிக்கொண்டு முதன்முதலில் சைட்டுக்குப் போனபோது, காங்கிரீட் எப்போது இறுகும் என்று கைவைத்தே சொன்ன ஃபோர்மேன் அண்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை.

குருப்பட்டத்துக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது தரங்கம்பாடியும் பக்கத்துச் சில கிராமங்களும்தான். அதைத் தாண்டினால் தஞ்சை ராஜாவின் நாடு. வெள்ளைக்கார மிஷனரி அங்கே நினைத்தபடி போக முடியாது, உபதேசியார் போகலாம். ஆனால் உபதேசியார் திருவிருந்து கொடுக்க முடியாது. அதற்குப் போதகர்தான் வேணும். ஆக, போகக்கூடியவரையே போதகராக்கினார்கள்.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. ராஜநாயக்கன். தஞ்சைப் படையில் சேவகர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் பகுதி கையில் கிடைக்க, வாசித்து, இந்தப் பக்கம் வந்தவர். தஞ்சைப் பகுதியில் அடியும் எதிர்ப்பும் தாங்கி உழைத்தார். அனுபவம்தான் தகுதி என்றால் அவருக்கு என்ன குறைச்சல்? அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். ஊர்க்காரர்களின் சாதிதான் காரணம் என்று அவர்களை மட்டும் தப்பவிட எனக்கு மனசில்லை. பட்டம் கொடுக்கும் அதிகாரம் மிஷனரிகளிடம்தானே இருந்தது?

1741-இல் இரண்டாவது குருப்பட்டம் டியோகோவுக்குப் போனது. ஆரோன் 1745-இல் இறந்தார். ராஜநாயக்கன் அதற்குப் பிறகும் பல வருடம் உபதேசியாராகவே அதே கிராமங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்.