துளையும் அடைப்பும்: தூண்டில் இரை வார்க்கும் பிளாஸ்டர் அச்சுகளைச் செப்பனிடுதல் பற்றிய ஆய்வு

1. களமும் கருத்தும்

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தா நதி கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இறங்கி, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் சேர்கிறது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தை ஒட்டிக் கோமுகி அணை இருக்கிறது. இத்தகைய நீர்நிலைகளிலும் ஏரி குளங்களிலும் விரால் பிடிக்கத் தவளையைக் கோத்துத் தூண்டில் போடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். கரையோரச் செடிகளுக்குள் பதுங்கியிருக்கும் விரால், நீர்ப்பரப்பில் அசைவதை எம்பிக் கவ்வும். உயிருள்ள தவளையின் இடத்துக்கு இப்போது மென்பிளாஸ்டிக் தவளையும் புழுவும் வந்துவிட்டன. அவற்றை வீட்டிலேயே வார்க்க மலிவான வழி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு.

இவ்வச்சுகளில் விரிசல், விளிம்புச் சிதைவு, வார்ப்பில் கொப்புளம் எனச் சேதங்கள் பலவாகத் தோன்றும். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் நீரே. எந்த நிலையில் நீரை உள்ளே விடுவது, எந்த நிலையில் வெளியேற்றுவது, எப்போது வழியை அடைப்பது என்பதே செப்பனிடும் கலை. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

2. பொருளின் இயல்பு

பிளாஸ்டருக்கு மூலம் ஜிப்சம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் படிவுகளில் அது நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதன் படிகத்தில் பிணைந்த நீரில் முக்கால் பங்கு வெளியேறிப் பிளாஸ்டர் மாவு கிடைக்கும். மாவில் நீர் சேர்த்தால், இழந்ததைத் திரும்பப் பெற்று, ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இறுகும்போது கலவை சுடுவது இதனால்தான்.

100 கிராம் மாவு இறுக, வேதியியல் கணக்கில் சுமார் 19 கிராம் நீர் போதும். ஊற்றும் பதத்துக்கு வர 60 முதல் 80 கிராம் வரை தேவைப்படுகிறது. உபரி நீர் பின்னர் ஆவியாகிவிட, அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கிறது. நீரைக் கூட்டினால் துளை மிகும், வலிமை குறையும்.

3. ஒரே துளை, எதிரெதிர்ப் பயன்

3.1. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சுக்குள் ஊற்றுவது களிக்குழம்பு. அச்சு அதன் நீரை உறிஞ்ச, சுவரோரம் களி ஓர் அடுக்காக இறுகுகிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அங்கே துளையே கருவி. அதை அடைத்தால் அச்சு பயனற்றுப் போகும்.

3.2. தூண்டில் இரைக்கு ஊற்றுவது பிளாஸ்டிசால், அதாவது பி.வி.சி. தூளை எண்ணெய் போன்ற இளக்கியில் கலந்த குழம்பு. இது ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறங்குகிறது. துளையில் ஈரம் இருந்தால் நொடியில் நீராவியாகி வார்ப்பில் கொப்புளம் எழுப்பும். வெறுந்துளைக்குள் பிளாஸ்டிக் புகுந்து பிடித்துக்கொண்டால், எடுக்கும்போது அச்சின் தோலும் உரிந்து வரும். இங்கே துளையே பகை.

3.3. அச்சு எடுக்கப் பயன்படும் மூலவுருவுக்கும், துளை பகை என்னும் இவ்விதி பொருந்தும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய செதுக்குத் திறத்தில் மரத்தவளை செய்வது எளிது. ஆனால் வார்னிஷ் பூசாத மரம் பிளாஸ்டரின் நீரைக் குடித்து ஊதும், அச்சுக்குள் சிக்கும். பிரித்தெடுக்கும் முயற்சியிலேயே முதல் விரிசல் விழும்.

4. சேதமும் செப்பமும்

அ) விளிம்பு உதிர்தல், காற்றுக்குழி: உதிர்ந்த இடத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, உள்ளே சற்று அகலமாகக் குடைய வேண்டும். பின்பு அச்சை நீரில் ஊறவிட்டு, புதுப் பிளாஸ்டர் கலவையால் நிரப்ப வேண்டும். ஊறவிடாவிட்டால், உலர்ந்த பழைய பிளாஸ்டர் புதுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். இறுக நீரில்லாத ஒட்டு தூளாக உதிரும். ஆயினும் நாள்கணக்கில் ஊறப்போடக் கூடாது. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கரையும், நுண்ணிய செதுக்கல் மழுங்கிவிடும்.

ஆ) இருபாதி அச்சின் ஒரு பாதி பிளத்தல்: இதற்கு முறை முன்னதற்கு நேர்மாறானது. முழுக்க உலர்த்தி, எபாக்ஸி தடவி, மறுபாதி அச்சோடு பொருத்திக் கட்டி இறுகவிட வேண்டும். தனியே ஒட்டினால் பாதிகள் பொருந்தாமல் போகலாம். இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்தால் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்ளா.

இ) இரு பாதிகளும் சேரும் பொருத்துமுகம் தேய்தல்: இதைச் செப்பனிடுவது வீண். மூலவுருவைக் கொண்டு புது அச்சு எடுப்பதே சிக்கனம்.

5. உலர்த்தல்

தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் அச்சின் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருப்பது ஈரத்தின் அடையாளம். தினம் ஒருமுறை எடைபோட்டு, எடை குறைவது நின்றால் உலர்ந்தது எனக் கொள்வது உறுதியான முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில், அதிலும் மலைமேல், இதற்கு நெடுநாள் பிடிக்கும். அவசரத்துக்கு அடுப்பில் வைப்பது ஆபத்து. 50 டிகிரிக்கு மேல் நீடித்துச் சூடேறினால் படிக நீரும் வெளியேறத் தொடங்கி அச்சு பொடிந்துவிடும். மின்விசிறிக் காற்றே பாதுகாப்பு.

6. அடைப்பு

சோப்புக் கரைசல் பிளாஸ்டரின் கால்சியத்தோடு கூடி நீர் ஒட்டாத மெல்லிய படலமாகும். பிளாஸ்டரின் மேல் பிளாஸ்டர் வார்க்க அது போதும், கொதிக்கும் பிளாஸ்டிசாலுக்குப் போதாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு நன்றாக ஊடுருவினாலும் 80 டிகிரி அளவிலேயே இளகும். நீர் கலந்த ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மலிவு, ஆனால் அடிக்கடி மறுபூச்சு கேட்கும். நீடித்து உழைப்பது தின்னரில் இளக்கிய எபாக்ஸி. முதல் பூச்சு துளைக்குள் இறங்கும் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். அது காய்ந்தபின் மெல்லிய இரண்டாம் பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சாகப் போட்டால் தவளையின் கண்ணும் விரலும் மூடிப்போகும்.

பிளாஸ்டிசாலை அளவுக்கு மீறிக் கருக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை எழும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், முகமூடி, கண்ணாடி, கையுறையுடன் வார்ப்பது கட்டாயம்.

7. முடிபு

பிளாஸ்டரால் செப்பனிடும்போது ஊறவைத்தல், ஒட்டுதல், உலர்த்தல், அடைத்தல் என்ற வரிசை மாறக் கூடாது. அடைத்த அச்சில் நீர் இறங்காது. நீர் இறங்காத இடத்தில் புதுப் பிளாஸ்டர் பிடிக்காது. அதன்பின் விழும் சிறு பள்ளத்தை எபாக்ஸியால் நிரப்பி உப்புத்தாளால் தேய்ப்பது ஒன்றே வழி. எனவே அடைக்கும் முன் அச்சின் ஒவ்வொரு குழியையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். பிளாஸ்டரைப் பிளாஸ்டரால் திருத்த அதுவே கடைசி வாய்ப்பு.