தலைக்கணக்கும் வட்டிக்கணக்கும்: கொள்ளைநோய்க் காலத்துக் கோடம்பாக்கம்

கொரோனாப் பெருந்தொற்று தமிழ்த் திரைத்தொழிலை முடக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 2020 மார்ச்சில் தொடங்குகின்றனர். அம்மாதம் 17-ஆம் தேதி முதல் மாநில அரசின் ஆணையால் திரையரங்குகள் மூடப்பட்டன. 19-ஆம் தேதி முதல் படப்பிடிப்புகளை நிறுத்துவதாகப் பெப்சி என்று அழைக்கப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் அறிவித்தது. 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. எனினும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொழிலுக்குள் நடந்த பூசல்களில் ஏறத்தாழ எல்லாமே நோய் வருமுன்பே மூண்டவை என்பதால், 2013-க்கும் 2018-க்கும் சற்றுப் பின்னே சென்றுதான் அவற்றைப் புரிந்துகொள்ள முடியும்.

2018 மார்ச் 1 தொடங்கி ஏறக்குறைய ஏழு வாரங்கள் தமிழ்த் தயாரிப்பாளர்கள் தாமாகவே புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தி வைத்தனர்; மார்ச் 16 முதல் படப்பிடிப்புகளும் நின்றன. வி.பி.எஃப். எனப்படும் டிஜிட்டல் திரையிடல் கட்டணமே அதற்கு முதன்மைக் காரணம். ஃபிலிம் சுருள் போய் மின்னணுக் கோப்பாகப் படங்கள் திரையிடப்படத் தொடங்கியபோது, புரொஜெக்டரும் சர்வரும் வாங்கும் வசதி பல திரையரங்குகளுக்கு இல்லாததால், கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் கருவிகளைத் தாமே பொருத்திக்கொடுத்து, பிரிண்ட் போடும் செலவு மிச்சமான தயாரிப்பாளரிடமிருந்து திரைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கின. கருவிகளின் விலை எப்போதோ வசூலாகிவிட்டது என்றும், திரையரங்கில் இருக்கும் பொருளுக்குப் படமெடுப்பவர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்றும் தயாரிப்பாளர்கள் கேட்டனர். கட்டணம் குறைக்கப்பட்டு அந்த வேலைநிறுத்தம் முடிந்ததேயன்றி, கட்டணம் ஒழியவில்லை.

2018-இல் தொழிலை நிறுத்தியவர்களாலேயே அதை மீண்டும் தொடங்கவும் முடிந்தது. 2020-இல் அந்த அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களையும் ஏறத்தாழ 25,000 உறுப்பினர்களையும் கொண்ட பெப்சியில் லைட்மேன், செட் அமைப்பவர், தளத்தில் உணவு பரிமாறுபவர், யூனிட் வண்டி ஓட்டுநர், துணை நடிகர் எனப் பெரும்பாலோர் அன்றைய கால்ஷீட்டுக்கு அன்றைய கூலியும் பேட்டாவும் பெறுபவர்கள். படப்பிடிப்பு நின்ற சில நாட்களிலேயே அதன் தலைவர் ஆர்.கே. செல்வமணி உறுப்பினர் குடும்பங்களுக்கு அரிசியாவது வாங்கிக் கொடுக்க உதவுமாறு நடிகர்களிடம் வேண்டுகோள் விடுத்ததும், ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் வழங்கியதும், வேறு நடிகர்கள் பணமாகவும் அரிசி மூட்டையாகவும் அனுப்பியதும் அப்போதைய செய்தித்தாள்களில் உள்ளன. கோடிகளில் சம்பளம் பேசும் ஒரு தொழில், சில நாள் வேலை நின்றதும் தன் தொழிலாளிக்கு அரிசி தேடி நின்றது என்பது அதன் அமைப்பைப் பற்றி நிறையவே சொல்கிறது.

தொழில் மீண்டு வந்த விதத்தை அரசாணைகளிலுள்ள எண்களைக் கொண்டே தொடரலாம். 2020 மே 11 முதல் படத்தொகுப்பு, டப்பிங், பின்னணி இசைச் சேர்ப்பு முதலிய படப்பிடிப்புக்குப் பிந்தைய பணிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஓரிடத்தில் 5 பேருக்கு மேல் கூடாது. மே மாதப் பிற்பகுதியில் சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு 20 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். அந்த எண்ணிக்கையில் வேலையே நடக்காது என்று தொழிலாளர் தரப்பும் தயாரிப்புத் தரப்பும் ஒருங்கே முறையிட்டதால் மாத இறுதியில் அது 60 ஆக்கப்பட்டது. திரைப்படங்களுக்குச் செப்டம்பர் 1 முதல் 75 பேர் என்ற வரம்புடன் அனுமதி வந்தது. வேடிக்கை பார்க்கப் பொதுமக்கள் கூடக் கூடாது, கேமராவின் முன் நிற்கும் நடிகர் தவிர மற்றவர் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்பன உடன்வந்த நிபந்தனைகள்.

இருபது பேர் ஏன் போதாது என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு வீட்டுக் கூடத்தில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் காட்சிக்குக்கூட இயக்குநரும் உதவி இயக்குநர்களும், ஒளிப்பதிவாளரும் அவர் உதவியாளர்களும், விளக்குகளைத் தூக்கி நிறுத்தும் லைட்மேன்களும், ஒப்பனையாளர், சிகை அலங்காரம் செய்பவர், உடைப் பொறுப்பாளர், கலைப் பிரிவினர், தயாரிப்பு நிர்வாகி, ஜெனரேட்டர் இயக்குபவர், சமையல்காரர் ஆகியோரும் வேண்டும்; ஒரு சங்கத்துக்காரர் செய்யும் வேலையை இன்னொரு சங்கத்துக்காரர் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆகவே நடிகர்களைச் சேர்க்காமலே இருபது நிரம்பிவிடும். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, கோயில் கூட்டம் முதலிய காட்சிகள் அந்த மாதங்களில் தொடர்களிலிருந்து காணாமல்போனதற்கு எழுத்தாளர்களின் ரசனை மாற்றம் காரணமன்று.

சின்னத்திரையின் நெருக்கடி பெரிய திரையினதைவிட வேகமாக வந்தது. நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடருக்குக் கையிருப்பாக எடுத்து வைக்கப்படும் பகுதிகளைத் தொழிலில் ‘பேங்க்’ என்பார்கள். அது சில நாட்களுக்கே காணும். அது தீர்ந்ததும் தொலைக்காட்சிகள் பழைய சரக்கைத் தேடின. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரை மறுஒளிபரப்புச் செய்தது, சன் டி.வி.யில் ‘மெட்டி ஒலி’ திரும்பி வந்தது. படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியபோது வெளிமாநிலங்களில் இருந்த நடிகர்கள் வர இயலாததால் பாத்திரங்களுக்கு ஆள் மாற்றப்பட்டது. சில தொடர்கள் பாதியிலேயே கைவிடப்பட்டன. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு வந்ததும் தொடங்கிய வேலையும் நின்றது. அதுவரை ஜூனில் தொடங்கிவந்த தமிழ் ‘பிக் பாஸ்’ அந்த ஆண்டு அக்டோபர் 4-க்குத் தள்ளிப்போய், மறு ஆண்டும் அக்டோபரிலேயே தொடங்கியது.

பெரிய திரையின் வெளியீட்டுச் சிக்கலுக்கு அடியில் இருந்தது வட்டி. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் பைனான்சியரிடம் வாங்கிய கடனில் தயாராகின்றன. வட்டி மாதக்கணக்கில் ஏறும். படம் வெளிவரும் முந்தைய நாளில் கடனைத் தீர்த்துத் தடையில்லை என்று ஒப்புதல் பெற்றால்தான் திரையரங்குக்குப் படம் போகும். முடிந்த படம் பெட்டிக்குள் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் தயாரிப்பாளரின் லாபத்தைத் தின்றது. ஓடிடி எனப்படும் இணையவழித் திரையிடல் நிறுவனங்கள் மொத்தத் தொகை பேசி அழைத்தபோது பலர் இசைந்ததற்கு இந்தக் கணக்கே போதிய விளக்கம்.

ஜோதிகா நடித்து சூர்யாவின் நிறுவனம் தயாரித்த ‘பொன்மகள் வந்தாள்’ 2020 மே 29 அன்று அமேசான் பிரைமில் நேரடியாக வெளிவந்தது. அந்த அறிவிப்பு வந்த ஏப்ரலிலேயே திரையரங்கு உரிமையாளர் சங்கம், அந்நிறுவனத்தின் படங்களைத் திரையிட மாட்டோம் என்று எச்சரித்தது. ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்கில் வெளியாகும் முன் டி.டி.எச். வழியாக வீடுகளுக்குக் கொண்டுபோகக் கமல் ஹாசன் 2013 ஜனவரியில் முயன்றபோதும் இதே எதிர்ப்புதான் எழுந்தது. அன்று அவர் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. 2020-இல் எதிர்த்தவர்களின் அரங்குகள் பூட்டிக் கிடந்ததால் மிரட்டலுக்கு வலுவில்லை. ‘பெண்குயின்’ ஜூனிலும், கட்டணம் செலுத்திப் பார்க்கும் முறையில் ‘க/பெ ரணசிங்கம்’ அக்டோபரிலும் இணையத்தில் வந்தன. பெரிய நடிகர் ஒருவரின் படமான ‘சூரரைப் போற்று’ம் நவம்பர் 12 அன்று அதே வழியில் வந்தபோது, அதைத் திரையரங்கிலேயே வெளியிடுமாறு இயக்குநர் ஹரி போன்றோர் முன்கூட்டியே வெளிப்படையாக விடுத்த வேண்டுகோளும் பயன்படவில்லை.

திரையரங்குகள் நவம்பர் 10 முதல் பாதி இருக்கைகளுடன் திறக்கப்பட்டன. தீபாவளிக்கு நான்கே நாட்கள் இருந்தன. அப்போதும் தடையாக வந்தது பழைய வி.பி.எஃப். கட்டணம்தான்: பாரதிராஜா தலைமையிலான தயாரிப்பாளர் சங்கம் அது நீங்கும்வரை புதுப்படம் தர மறுத்தது, டிஜிட்டல் நிறுவனங்கள் தற்காலிகமாக விட்டுக்கொடுத்த பிறகே ‘பிஸ்கோத்’ முதலிய சில படங்கள் வந்தன. அதே தீபாவளிக்கு ‘மூக்குத்தி அம்மன்’ ஹாட்ஸ்டாரிலும், ‘நாங்க ரொம்ப பிஸி’ நேராகத் தொலைக்காட்சியிலும் வந்ததைச் சேர்த்து நோக்கினால், பண்டிகை வெளியீடு என்பது மூன்று வழிகளாகப் பிரிந்துவிட்டது தெரியும்.

2020 ஏப்ரல் 9-க்குத் திட்டமிடப்பட்ட ‘மாஸ்டர்’, ஓடிடிக்குப் போகாமல் காத்திருந்து 2021 ஜனவரி 13 அன்று வெளியானது. அதற்குச் சற்று முன் மாநில அரசு முழு இருக்கைகளுக்கும் அனுமதி அளித்து, மருத்துவர்களின் எதிர்ப்புக்கும் மத்திய உள்துறையின் ஆட்சேபத்துக்கும் பிறகு அதைத் திரும்பப் பெற்றது. பாதி அரங்குடனேயே படம் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. ஆயினும் பதினாறே நாட்களில், ஜனவரி 29 அன்று, அது அமேசான் பிரைமிலும் வந்துவிட்டது. ஒன்பது மாதம் காத்திருந்து தங்களைக் காப்பாற்றிய படம் என்று கொண்டாடிய திரையரங்குக்காரர்களுக்கு இது கசந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

‘கர்ணன்’ படத்தின் நிலை இதனினும் விசித்திரமானது. 2021 ஏப்ரல் 9 அன்று முழு அரங்குடன் வெளியான அது, ஏப்ரல் 10 முதல் பாதி இருக்கை என்ற புதிய ஆணையால் இரண்டாம் நாளே பாதி அரங்குக்குச் சுருங்கியது. ஏப்ரல் 26 முதல் திரையரங்குகள் மறுபடி மூடப்பட்டு ஆகஸ்டு 23 அன்றுதான் திறந்தன. இரண்டாம் அலையின் நடுவே, மலையாள ‘பிக் பாஸ்’ படமாக்கப்பட்ட சென்னைப் புறநகர் அரங்கை வருவாய்த் துறையினர் பூட்டி முத்திரையிட்டனர். 2022 ஜனவரியில் ஓமைக்ரான் அலை வந்தபோது பொங்கலுக்கு வரவேண்டிய ‘வலிமை’ பிப்ரவரி 24-க்குத் தள்ளிப்போனது.

நோய் தணிந்த பின் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக விலகின. இடைவெளிக் கணக்கு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரையரங்கு வெளியீட்டுக்கும் ஓடிடி வெளியீட்டுக்கும் நடுவே தமிழில் நான்கு வாரம் என்பது வழக்கமாயிற்று. வடஇந்தியாவில் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் இந்திப் பதிப்புகளுக்கு எட்டு வாரம் கேட்டன. ‘மாஸ்டர்’ படத்தின் நாயகரும் இயக்குநரும் மீண்டும் இணைந்த ‘லியோ’ 2023 அக்டோபரில் வெளிவந்தபோது, எட்டு வார நிபந்தனைக்கு அது உட்படாததால், அதன் இந்திப் பதிப்பை அந்த நிறுவனங்கள் தங்கள் அரங்குகளில் திரையிடவில்லை.