பாலாற்றங்கரைத் தோல்தொழில்: முதலும் உழைப்பும்

வேலூருக்கு மேற்கே பாலாற்றின் கரையில் அமைந்த விரிஞ்சிபுரம், மதிலழகுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிற் கல்வெட்டுகளுள் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று வரலாற்றாசிரியரால் பலகாலும் எடுத்துரைக்கப்படுவது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்ற வேறுபாடின்றி ஒன்றுகூடி, பெண்ணுக்குப் பொன் பெறுவதில்லை, கன்னிகாதானமாகவே மணம் முடிப்பது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது. மீறுவோர் அரச தண்டத்துக்கும் குலவிலக்குக்கும் உரியர். ஒரு சமூகம் தன் வாழ்வைத் தானே ஒழுங்குசெய்ய முயன்றதற்குக் கல்லில் நின்ற சான்று அது. அதே ஆற்றங்கரையில், நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், வேறு வகை மக்கள் வேறொரு வகையில் கூடினர். அவர்கள் கூடிய களம் தோல்.

விலங்கின் தோல் பட்ட தோலாவது எளிதான காரியமன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, உட்புறத்துச் சதையை வளைகத்தியால் வழித்து, பின்னர் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் கிடத்தி, கடுக்காய் நீரில் முடிக்க வேண்டும். ஆவாரம்பட்டை முறையை 1840களில் வணிக அளவில் வளர்த்தவர் சார்லஸ் டி சூசா என்பவர் என்று கூறுவர். தரிசெங்கும் தானே பூத்துக் கிடக்கும் ஆவாரை, அதன்பின் வெளிநாட்டுச் சந்தைக்குரிய சரக்காயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை பின்னர் மேற்கே நீண்டபோது, ஆம்பூரும் வாணியம்பாடியும் சென்னைத் துறைமுகத்துக்கு அண்மையூர்களாயின.

பிற சாதியார் தீட்டெனக் கருதி விலகிய இத்தொழிலில் முதலிட முன்வந்தவர்கள் பெரிதும் இப்பகுதி முஸ்லிம் வணிகர்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகள் முன்பணம் கொடுத்தன; இலண்டன் ஏலத்தில் விலை நின்றது. விலை வேற்றூரில் முடிவாயினும், ஆலையும் இலாபமும் உள்ளூராரிடமே தங்கின. இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உரிமை ஊருக்குள் இருந்தது; ஊரார் அனைவர்க்கும் இருந்ததில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களுடைய கைத்திறன் எந்த ஏட்டிலும் எழுதப்படாமல், தந்தையிடமிருந்து மகனுக்குத் தொட்டியருகிலேயே கைமாறியது.

இலாபத்தின் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தோன்றின. மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வணிகத்தால் உயர்ந்து 1938இல் மறைந்த நவாப் அப்துல் ஹக்கீம், அறக்கொடைகளால் நினைக்கப்படுபவர். கவிஞர்களுக்கு உவப்பான செய்தி ஒன்று: கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில்தான் மூன்று பதிற்றாண்டு அளவில் தமிழ் கற்பித்தார். 'பால்வீதி' 1974இல் வெளிவந்தபோது அவர் அங்கே பேராசிரியர். புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுவோர் தோல் மண்டிக் கணக்கேட்டையும் ஒருமுறை புரட்டலாம்.

தொழிற்பயிற்சி அரசு வழியாகவும் வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903 அளவில் சென்னையில் குரோம் பதனீட்டுச் சோதனைகளை நடத்தினார். 1915இல் தோல்தொழிற் பள்ளி தோன்றியது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1958இல் அதன் இயக்குநரான நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் தொட்டியருகே நின்ற தொழிலாளிக்கும் இடையே பாலம் அமைக்க முயன்றவர்.

இவ்விடத்தில் உலகின் வடகோடியை நோக்குதல் பொருந்தும். கனடாவின் இனுவிட் மக்களும் தோலால் வாழ்ந்தவர்கள். அவர்களுடையது கடல்நாய்த் தோல். 1983இல் ஐரோப்பிய நாடுகள் கடல்நாய்க் குட்டிகளின் வெண்தோலைத் தடை செய்தபோது, குட்டிகளை வேட்டையாடாத இனுவிட்டின் சந்தையும் சேர்ந்து சரிந்தது. 2009 தடையில் அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டும் சந்தை எளிதில் மீளவில்லை. ஆயினும் அவர்கள் 1959 முதற்கொண்டே கூட்டுறவுகள் அமைத்து வந்தனர். 1993இன் நுனாவுட் ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, அரசின் ஒப்பந்தப் பணிகளில் இனுவிட் நிறுவனங்களுக்கு வழிவகுத்தது. 51 விழுக்காடேனும் இனுவிட் உடைமையாக உள்ள நிறுவனமே அப்பெயருக்கு உரியது. வேலையோடு பயிற்சியும் அங்கே உடன்படிக்கையின் பொருளாயிற்று. ஆம்பூர்த் தொழிலாளிக்கு அத்தகைய உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை.

1973இல் கச்சாத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டு, அரைப்பதத் தோலுக்கும் அளவு விதிக்கப்பட்டது. நாட்டிலேயே தோலை முழுமையாக்குவதே நோக்கம். அந்நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது எனலாம். காலணித் தொழிற்சாலைகள் பெருகின. வெட்டுமேசைக்கும் தையல் இயந்திரத்துக்கும் முன்னே பெண்கள் வந்தமர்ந்தனர். தொட்டியில் ஆணுக்குரியதாயிருந்த தொழில், தையலில் பெண்ணுக்குரியதாயிற்று. மாதச் சம்பளம் பெண்ணின் கைக்கு வந்தது சிறிய மாற்றமன்று. மேற்பார்வையாளராக உயர்ந்தவர் எத்தனைபேர் என்ற வினாவும் சிறியதன்று.

ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோமியம் வந்ததை மட்டும் யாரும் கொண்டாட இயலாது. பாலாறு மேலே மணலும் கீழே நீருமாக ஓடும் ஆறு. ஊற்றுக்கால்களே அதன் பாசனம். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறதென உச்சநீதிமன்றம் குறித்தது. தோலாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றாகவோ பாழ்பட்டதென்ற வேளாண் ஆய்வு மையத்தின் கணக்கும் அதன் தீர்ப்பில் இடம்பெற்றது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவித்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஆலையினர் ஊர்தோறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தமக்குள் பங்கிட்டு நடத்தினர். ஒரு வகையில் அதுவும் கூடிச் செய்த கட்டுப்பாடே. ஆனால், 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் சரிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் உயிரிழந்தனர்.

ஆம்பூருக்குக் கீழே, வேலூருக்கு மேலே கிடக்கிறது விரிஞ்சிபுரம். ஆலையின் வருவாய் மேலூர்களில் தங்க, ஆற்றின் மணலடி நீர் இவ்வூர் வழியேதான் இறங்குகிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகையை அரசே முதலில் வழங்கி, பின்னர் மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து அதை மீட்க வேண்டுமென ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இவ்வாணைக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்.