நல்லூர் வீதியில் ஒரு நாழிகை

யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கிய நல்லூரைக் காண விழைவோர்க்கு நீண்ட பயணம் வேண்டியதில்லை. ஒரு நாழிகை நடை போதும். கந்தசுவாமி கோயிலிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே வடகிழக்காகச் சென்றால் முத்திரைச் சந்தி வரும். அங்குள்ள கிறித்தவ தேவாலயம் நிற்கும் நிலத்திலேயே பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது என்பர். 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் தளபதி ஒலிவேரா கோயிலை இடித்தான். இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் எழுந்தது என்பது மரபு.

தேவாலயத்தின் அயலில், பகர வடிவில் யமுனா ஏரி கிடக்கிறது. சற்று அப்பால் சங்கிலித்தோப்பு வளைவும், வீதியின் மறுபுறம் மந்திரிமனையும் உள்ளன. மக்கள் இவற்றை அரசனோடும் அமைச்சனோடும் இணைத்துப் பேசுவர். ஆய்வாளரோ, இன்று காணும் கட்டடங்களில் ஐரோப்பியர் காலக் கைவண்ணத்தைக் காண்பர்.

அவ்வாறாயின் அரசனது நகரில் எஞ்சியது யாது? கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் என நாற்றிசைக் காவற்கோயில்களை வரலாற்று நூலாகிய யாழ்ப்பாண வைபவமாலை குறிக்கிறது. அப்பெயர்களோடு இன்றும் அங்கே வழிபாடு நிகழ்கிறது. முத்திரைச் சந்தி, சங்கிலித்தோப்பு முதலிய பெயர்களும் மக்கள் நாவில் வழங்குகின்றன. கற்களைப் பெயர்த்தோரால் பெயர்களைப் பெயர்க்க இயலவில்லை. நல்லூரின் எல்லையை இன்றும் வரைந்து காட்டுவன அவையே.