பதினாலா, பதினைந்தா? டயர் எண்களின் கதை

கார் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளை நம்மில் யாரும் படிப்பதில்லை. மருந்து அட்டையில் காலாவதித் தேதி பார்ப்போம், பால் பாக்கெட்டில்கூடப் பார்ப்போம். நம் உயிரைத் தாங்கி ஓடுகிற ரப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்கமாட்டோம். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் வயது என்பது வேறு விஷயம்.

எங்கள் வண்டி 2013-ஆம் வருடத்து ஸ்விஃப்ட் டிசையர், டீசல். அதன் டயரில் இருப்பது 165/80 ஆர் 14, பிறகு 85 டி. கடன் ஆவணத்தைப் படிப்பது போல இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது சதவீதம்: அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், ஆனால் இது அங்குலத்தில்! 85 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். கட்டுமாவடியில் அந்த வேகத்தில் போனால் நேராகக் கடலுக்குள்தான் போக வேண்டும்.

ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் எப்படிக் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன? என்னைப் போல் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இது உறுத்தும். மீட்டர் என்ற அளவே பிரெஞ்சுப் புரட்சி பெற்ற பிள்ளை. 1795-இல் சட்டமாகியது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று எங்கள் வாத்தியார் மேசையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் 1956-இல் மெட்ரிக் சட்டம், 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா. படியும் வீசையும் முழமும் அலுவலகக் காகிதங்களிலிருந்து போய்விட்டன. கார் சக்கரம் மட்டும் இன்றைக்கும் அங்குலத்தில் உருளுகிறது.

காற்றடைத்த டயர் பிறந்ததே இங்கிலீஷ்காரர் வீட்டில். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைப் பூட்டி ஓட்ட அன்றைக்கு மோட்டார் வண்டி இல்லை. ஊர் மறந்துபோனது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். நம் ஊரில் டன்லப் என்றால் டயர் என்றே ஒரு காலத்தில் சொன்னோம்.

பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரின் மிஷெலின் சகோதரர்கள், ஆந்த்ரேவும் எத்வாரும், 1891-இல் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயர் செய்தார்கள். அதற்கு முன் டயரை ரிம்மோடு பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் அன்றைய பயணம் முடிந்தது. 1895-இல் பாரீஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில், காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியைச் சகோதரர்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் காரில் காற்று டயர் ஓடும் என்பது தெரிந்துவிட்டது. பிரெஞ்சில் டயருக்குப் 'ப்னே' என்று பெயர். மூச்சு, காற்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் பேரன் அது.

அந்நாள் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஒரு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நம் மெக்கானிக் பையன்கள் வாயில் 'ஸ்டெப்னி'. இங்கிலாந்திலேயே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

ரப்பர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் டயர் கதை சொல்வது, உப்பளத்தைச் சொல்லாமல் கருவாட்டைப் பற்றிப் பேசுவது போல. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் க்யூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பிறகு சிங்கப்பூர், மலாயாவுக்கும் போயின. காடு வெட்டவும் பால் சீவவும் ஆள் வேண்டும். கங்காணிகள் நம் பக்கத்து கிராமங்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இல்லை. மிஷெலின் கம்பெனியே இந்தோசீனாவில் ரப்பர் தோட்டம் போட்டது. அங்கே கூலிகள் வடக்கு வியட்நாமியர்கள். ஃபூ ரியெங் தோட்டத்தில் 1930-இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வரலாற்றில் இடம்பெற்றது. எங்கள் காரைக்கால், புதுச்சேரித் தமிழர்கள் சைகோனுக்குப் போனது குமாஸ்தாவாகவும் போலீஸாகவும். கூலிக்குப் போனவர்கள் இங்கிலீஷ் பக்கத்துத் தமிழர்கள். ஒரே ரப்பர், இரண்டு விதமான தலையெழுத்து.

என் மனைவியின் தாத்தா இந்தக் கட்டுமாவடியிலிருந்து பேராக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்துக்கு ஒன்பது பங்கு நின்றுபோனது. இங்கே டயர் கிடைக்காமல் பஸ்கள் நின்றன. 1912-இலிருந்து மதுரைப் பக்கம் பஸ் தொழிலில் இருந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், பெட்ரோலுக்கு மாற்றாகக் கரிவாயு சாதனமும், தேய்ந்த டயருக்கு மறுபட்டை ஒட்டும் தொழிற்சாலையும் கொண்டுவந்தது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான். ஓட்டத் தெரிந்தவர்களைவிட ஒட்டத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியிருந்த காலம்.

அக்கரையில் என்ன ஆயிற்று? ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. வேலையற்றுக் கிடந்த தமிழர்களை ஜப்பானியர் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர் மடிந்தார்கள். தாத்தாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாக, யுத்தம் முடிந்து ரஜூலா கப்பலில் திரும்பிய ஓர் உறவினர் வந்து சொன்னார். அவ்வளவுதான் தகவல். பாட்டி தாலியைக் கழற்றவே இல்லை.

இனி 1946-க்கு வருகிறேன். அந்த ஆண்டு திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-இல் மறுபட்டை ரப்பர், 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டயர். அதுதான் எம்.ஆர்.எஃப்., மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. அதே 1946-இல்தான் மிஷெலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. பழைய டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, பாய் முடைவது போல, சாய்வாகப் போகும். ஓடும்போது நூலோடு நூல் உரசிச் சூடேறும். ரேடியலில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். மேலே எஃகுக் கம்பிப் பட்டை. சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம்.

மிஷெலின் தன் ரேடியலுக்கு அகலத்தை மில்லிமீட்டரில் எழுதியது. பிரெஞ்சுக் கார்களுக்கு ரிம்மையும் மில்லிமீட்டரிலேயே செய்தது: பழைய சித்ரோயென் காரில் 165-400. உலகம் ரேடியலை எடுத்துக்கொண்டது, அகலத்துக்கு மில்லிமீட்டரையும் எடுத்துக்கொண்டது. ஆனால் டெட்ராய்ட்டிலும் பர்மிங்ஹாமிலும் கோடிக்கணக்கில் அங்குல ரிம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை யார் மாற்றுவது? 1975-இல் மிஷெலின் மறுபடி டி.ஆர்.எக்ஸ். என்று மில்லிமீட்டர் ரிம்மோடு வந்தது. 390 மி.மீ. ரிம்மில் 15 அங்குல டயர் உட்காராது. வாங்கியவர்கள் தேய்ந்தபின் வேறு கம்பெனி டயர் போட முடியாமல் முழித்தார்கள். மெல்ல அது மறைந்தது. மீட்டரைப் பெற்ற நாடு ரிம்மில் தோற்ற கதை இது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் ஓர் அம்பாசடர் டீசல் இருந்தது. 1489 சி.சி. எஞ்சின். உத்தரபாராவில் 1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்தபோது, சத்தம் கேட்டு டிராக்டர் என்று நினைத்தவர்கள் உண்டு. டயர் அளவு 5.90-15, எல்லாமே அங்குலம். அன்றைக்கு அளவைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. ஃபியட்டுக்கு 5.20-14, ஜீப்புக்கு 6.00-16, முடிந்தது. தேர்வு எல்லாம் கோப்பில்தான்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, தேய்ந்தது உண்மையா, மறுபட்டை ஒட்டலாமா, மூன்று விலைப்புள்ளி எங்கே. ஒரு டயர் மாற்ற எட்டுக் கையெழுத்து. 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது.

இன்றைக்குக் கடைக்குப் போனால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. எங்கள் டயரில் கட்டை இன்னும் 4 மி.மீ. இருந்தது. 1.6 மி.மீ. வரை போகலாம் என்பது விதி. ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். தயாரித்த தேதி எண் 2218, அதாவது 2018-ஆம் வருடம் 22-ஆவது வாரம். கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். இதை ஒவ்வொருவரும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்கள் வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். கட்டை தேயாது, ரப்பர் வெயிலில் கிழடாகிவிடும். மாதம் இரண்டு முறை மனைவியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், திரும்பும்போது பல நாள் இருட்டிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் முன்சக்கரம் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம். அந்தக் கனம் முழுக்க முன் டயர்மேல்.

கடையில் எங்கள் அளவு இல்லை. "ஐயா, 175/65 இருக்கு. இதுவும் பதினாலுதான், ஏறிடும். இல்லாட்டி பதினஞ்சு அலாய் போட்டுடுங்க, வண்டி புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் பையன். காகிதம் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன். எங்கள் டயர்: பக்கச்சுவர் 132, மேலும் கீழும் 264, ரிம் 355.6, மொத்த விட்டம் 619.6 மி.மீ. அவர் நீட்டியது: 113.75, இரு மடங்கு 227.5, ரிம்மோடு 583.1. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் சிறியது. வண்டி 18 மி.மீ. தாழும். முள் நூறு காட்டும்போது நிஜத்தில் 94-தான் போவோம், ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். ரிம்மில் ஏறும் என்பதும் பொருந்தும் என்பதும் வேறு வேறு. இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் விட்டம் மாறக்கூடாது.

பதினைந்து அங்குலமோ நியாயமான யோசனை. இதே காரின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே 185/65 ஆர் 15 போட்டுத்தான் அனுப்பியது. கணக்கும் ஒத்துவருகிறது: 240.5, ரிம் 381, மொத்தம் 621.5. இரண்டு மி.மீ. கூட வித்தியாசமில்லை. அகலம் கூடுவதால் பிடிமானம் கூடும், எடைத் தாங்கலும் 88, அதாவது 560 கிலோ. ஆனால் நான்கு புது ரிம்முக்கும் பணம் தர வேண்டும், பக்கச்சுவர் 132-இலிருந்து 120-ஆகக் குறையும். பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். எங்கள் வீட்டுச் சந்தில் பள்ளத்துக்கு நடுவே சாலை தேட வேண்டும். பன்னிரண்டு வயதான டீசல் வண்டி, மாருதி டீசல் கார் செய்வதையே 2020-இல் நிறுத்திவிட்டது, 2028-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அலங்காரம் எதற்கு?

"ஏங்க, தேதி பாத்தீங்களா? ரப்பர்னா சும்மாயில்ல" என்றாள் மனைவி, காருக்குள்ளிருந்தே. அவள் தாத்தாவை நினைத்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பழைய அளவே, 165/80 ஆர் 14, என்று சொல்லி வரவழைத்தேன். நான்கு நாள் ஆனது. தேதி எண் 0925 என்று பார்த்தபிறகே பணம் கொடுத்தேன். ஒரு வேடிக்கை: விட்டம் 619.6 என்றால் சுற்றளவு 1946 மி.மீ. வருகிறது. திருவொற்றியூர் பலூனும் மிஷெலின் காப்புரிமையும் அதே எண்ணில்தான். பையனிடம் சொன்னேன், அவர் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதாக ஸ்டெப்னியையும் மாற்றச் சொன்னேன். 2013-இல் வண்டியோடு வந்தது, ஒரு நாளும் தரையைத் தொடாதது, பட்டனெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. தொடாவிட்டாலும் வயது பன்னிரண்டு. பழைய ஐந்தில் நான்கை எங்கள் தெருவில் படகு வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போனார். படகின் பக்கவாட்டில் இடி தாங்கக் கட்டுவதற்கு. ஒன்றைப் பேரன் ஊஞ்சலுக்குக் கேட்டிருக்கிறான்.