விளிம்பினின்று குதிப்போர்

1912-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இரண்டே நாள் இடைவெளியில், அட்லாண்டிக் மாகடலின் இரு கரைகளிலும் இரு மனிதர்கள் உயரத்தினின்று குதித்தனர். 2-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலையின் கையிலுள்ள தீப்பந்தத்தினின்று ராட்மன் லா என்பவர் பாராசூட்டுடன் குதித்து உயிருடன் தரை சேர்ந்தார். உயர்ந்த கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். 4-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில், பிரான்ஸ் ரைஷெல்ட் என்னும் தையற்காரர், தாமே தைத்த பாராசூட் உடையை அணிந்து ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறி நின்றார். பொம்மை ஒன்றைப் போட்டுச் சோதிக்கப் போவதாகவே அவர் காவல் துறையினரிடம் கூறியிருந்தார். நண்பர்கள் தடுத்தும் கேளாமல் 57 மீட்டர் உயரத்தினின்று குதித்தார். துணி விரியாமல் உடலைச் சுற்றிக்கொண்டது, அவர் மாண்டார். அன்று எடுத்த சலனப்படம் இன்றும் இருக்கிறது. அதில் அவர் விழும் காட்சியைக் காட்டிலும், விளிம்பில் கால் வைத்துத் தயங்கி நிற்கும் காட்சியே நம் நெஞ்சை அதிகமாக உலுக்குகிறது.

இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் பிழைத்ததினின்று மற்றவர் எதையும் கற்கவில்லை. பாராசூட்டின் வரலாற்றில் தொடக்க காலம் முழுவதுமே இவ்வாறு தனியர்களின் காலமாகத்தான் இருந்தது. 1783-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மான்பெல்லியே நகரத்து வானாய்வுக் கூடத்தின் கோபுரத்தினின்று குதித்துக் காட்டிய லூயி செபாஸ்டியன் லெனார்மான் என்னும் பிரெஞ்சுக்காரர், தீப்பற்றிய வீடுகளினின்று மக்கள் தப்புவதற்கு ஒரு வழி காணவே அதைச் செய்தார். உயிரைக் காக்கப் பிறந்த கருவி, உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டுக்குக் கருவியானது பின்னர் நேர்ந்த விந்தை.

விமானத்தினின்று குதிப்பதை நாம் அறிவோம். நம் ராணுவத்தின் பாராசூட் படையினரைக் குடியரசு நாள் அணிவகுப்பில் கண்டிருக்கிறோம். அசையாமல் நிற்கும் ஒன்றினின்று குதிப்பது அதனின்றும் வேறானது. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பேஸ்’ குதிப்பு என்று பெயர். கட்டடத்தைக் குறிக்கும் பில்டிங், வானொலிக் கோபுரத்தைக் குறிக்கும் ஆன்டென்னா, பாலத்தைக் குறிக்கும் ஸ்பான், மண்ணைக் குறிக்கும் எர்த் ஆகிய நான்கு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. மண் என்றது இங்கே மலைப்பாறையை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைத் தமிழாக்க வழி தோன்றவில்லை. நான்கு முதலெழுத்தும் பொருளும் ஒருங்கே அமையுமாறு ஒரு சொல்லைப் படைக்கும் ஆற்றலுடைய அன்பர்கள் எவரேனும் இருப்பின் முயலலாம். இப்பேச்சில் நாம் ‘பேஸ்’ என்றே வழங்குவோம்.

இக்கலையின் தாயகம் என்று கூறத்தக்கது கலிபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கு. அங்கே எல் கப்பிட்டான் என்னும் கருங்கல் மலை, பள்ளத்தாக்கின் தரையினின்று ஏறத்தாழ 900 மீட்டர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. 1966-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் மைக்கேல் பெல்க்கி, பிரையன் ஷூபர்ட் என்னும் இரு இளைஞர் அதன் உச்சியினின்று குதித்தனர். அக்காலத்துப் பாராசூட் நம் குடையைப் போல் வட்டமானது. காற்று தள்ளிய பக்கம் போகுமேயன்றி, ஆள் விரும்பிய பக்கம் போகாது. காற்று அவர்களை மலையின் மீதே மோதியது. இருவரும் எலும்பு முறிந்து, உயிர் மட்டும் பிழைத்தனர்.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. டோமினா ஜால்பெர்ட் என்னும் காற்றாடி வல்லுநர் 1960-களில் வகுத்த புதுவகைப் பாராசூட், சதுர வடிவில், அறை அறையாகக் காற்று புகுந்து உப்பி, விமானத்தின் இறக்கைபோல் இயங்கியது. அதைத் திருப்பலாம், செலுத்தலாம். விழும்போது கைகளையும் கால்களையும் தக்கபடி வைத்துக்கொண்டு, மலையை விட்டு விலகிப் பறக்கும் முறையும் தேர்ச்சி பெற்றது. இவ்விரண்டையும் நம்பி, 1978-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் நால்வர் எல் கப்பிட்டானினின்று குதித்தனர். ஊறின்றித் தரை சேர்ந்தனர். அதைப் படம் பிடித்தவர் கார்ல் போனிஷ்.

போனிஷ் இல்லையெனில் இவ்வரலாறு தனியர்களின் கதையாகவே நின்றிருக்கும். திரைப்படங்களுக்கு வானத்தில் படமெடுத்துப் பழகியவர் அவர். தம் படங்களை ஊர்தோறும் காட்டினார், இதழ் நடத்தினார், குதிக்க விரும்பியவர்களுக்கு முறைகளைச் சொல்லிக் கொடுத்தார். 1981-ஆம் ஆண்டு ஓர் எளிய ஏற்பாட்டையும் செய்தார். நால்வகை இடங்களினின்றும் குதித்து முடித்தவருக்கு ஒரு வரிசை எண். அவ்வாண்டு ஜனவரியில் ஹூஸ்டன் நகரத்து வானளாவிய கட்டடம் ஒன்றினின்று குதித்த பில் ஸ்மித், பில் மேபீல்டு ஆகியோர் முதலாம், இரண்டாம் எண்களைப் பெற்றனர். மூன்றாம் எண் போனிஷின் மனைவி ஜீன் அம்மையாருடையது. நான்காம் எண்ணைத்தான் போனிஷ் தமக்கு எடுத்துக்கொண்டார். இவ்வெண்கள் இப்போது 2,000-ஐக் கடந்துவிட்டன. பரிசில்லை, பதக்கமில்லை, ஓர் எண் மட்டுமே. ஆயினும், எண் வந்த நாளில் ஒரு குழாம் பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1984-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நார்வே நாட்டின் ட்ரோல்வெகன் மலைச்சுவரினின்று கணவனும் மனைவியும் ஒன்றாய்க் குதித்துச் சாதனை படைத்தனர். 7-ஆம் தேதி கார்ல் போனிஷ் அதே மலையின் மற்றோர் இடத்தினின்று குதித்து உயிர் நீத்தார். சில நாட்களுக்குள் ஜீன் அம்மையார் அம்மலையினின்று மீண்டும் குதித்தார். இதைக் கேட்கும் நம் இல்லத்துப் பெரியவர்கள், “இது என்ன நெஞ்சமோ!” என்று வியக்கக்கூடும். நாம் அதைத் தீர்ப்பிடத் துணியவில்லை.

இந்த விளையாட்டில் மரணம் ஏன் இத்தனை அருகில் நிற்கிறது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். விமானத்தினின்று குதிப்பவருக்கு மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் வெற்றுவெளி உண்டு. ஒரு பாராசூட் பழுதுபட்டால் மற்றொன்றை விரிக்கப் பொழுதும் உண்டு. அன்றியும், விமானத்தின் வேகத்தால் காற்று அவர் உடலை முதல் நொடி முதலே தாங்குகிறது. விளிம்பில் நிற்பவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. முதல் விநாடியில் அவர் 5 மீட்டர் விழுகிறார். இரண்டாம் விநாடி முடிவில் 20. மூன்றாம் விநாடி முடிவில் 44. அதுவரையில் காற்றுக்கு அவரைத் திருப்பும் வலிமை வருவதில்லை. புறப்படும்போது உடல் சாய்ந்தது சாய்ந்ததுதான். ஐடஹோ மாநிலத்தில் ட்வின் பால்ஸ் ஊரருகே உள்ள பெரைன் பாலத்தின் உயரம் 148 மீட்டர். ஐந்தரை விநாடியில் அது தீர்ந்துவிடும். இரண்டாவது பாராசூட்டுக்குப் பொழுதில்லையாதலால் பெரும்பாலோர் ஒன்றையே சுமக்கின்றனர். அது விரிந்தால் மட்டும் போதாது. குதித்த மலையை நோக்கி விரிந்துவிட்டால், விரிந்த பாராசூட்டே அவரைப் பாறையில் கொண்டு மோதும். ஆதலால்தான் இவர்கள் தம் பாராசூட்டைத் தாமே, மணிக்கணக்கில், புடவைக் கொசுவம் மடிப்பது போல் மடிப்பு மடிப்பாகக் கட்டுகின்றனர்.

இக்குழாத்தினரிடம் வரிசை எண் ஏட்டோடு மற்றோர் ஏடும் உண்டு. அது இறந்தோர் பட்டியல். எவர், எங்கே, எந்தக் காற்றில், எவ்வகைக் கருவியோடு, எந்தப் பிழையால் மாண்டார் என்பதை ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பதிவுகள் 400-ஐக் கடந்துவிட்டன. புதிதாய்க் கற்க வருபவரிடம், முதலில் அதைப் படித்துவிட்டு வா என்று மூத்தோர் பணிப்பதுண்டு. 1966-இல் எல் கப்பிட்டானில் பிழைத்த பிரையன் ஷூபர்ட்டின் பெயரும் அதில் இருக்கிறது. காவல் துறை அதிகாரியாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2006-ஆம் ஆண்டு அக்டோபரில், மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பாலத் திருவிழாவில் குதித்தார். 267 மீட்டர் உயரப் பாலம். பாராசூட்டை விரிப்பதில் தாமதம் நேர்ந்து, 66-ஆம் வயதில் மாண்டார். தம் முன்னோடியின் மரணத்தையும் அவர்கள் மற்றவர் மரணத்தைப் போன்றே, காரணத்தோடு குறித்துக்கொண்டனர். சாவை நாடும் பித்தர்கள் என்று இவர்களைக் கூறுவோர் இந்த ஏட்டைப் பார்த்ததில்லை போலும்.

இனி, இவர்களுக்கும் அரசுக்கும் நேர்ந்த வழக்கு. 1980-ஆம் ஆண்டுக் கோடையில் யோசமிட்டிப் பூங்கா நிர்வாகம் அனுமதிச் சீட்டு கொடுத்துக் குதிக்க விட்டது. சிலர் விதிகளை மீறினர் என்று கூறி, ஒரு மாதத்துக்குச் சற்று மேலே சென்றதும் அதை நிறுத்திவிட்டது. அதன்பின் குதித்தவர்களைக் குற்றவாளிகளாக்கப் பயன்பட்ட விதி எது தெரியுமா? தேசியப் பூங்காக்களுக்குள் பாராசூட், ஹெலிகாப்டர் முதலிய வான்வழிச் சாதனங்களால் ஆளையோ பொருளையோ கொண்டு சேர்த்தல் கூடாது என்னும் விதி. சட்ட வாசகங்களைப் பெயர்த்தே நரை கண்ட நமக்கு இதில் ஒரு தனிச்சுவை. பூங்காவுக்குள் நடந்து வந்து, மலையேறி, அங்கிருந்து அதே பூங்காவின் தரைக்கு இறங்கியவரை ‘யார்’ கொண்டு சேர்த்தார்? தம்மைத் தாமே கொண்டு சேர்த்துக்கொண்டார் என்று நீதிமன்றங்கள் ஏற்றன. சொல் எங்கே தளர்கிறதோ அங்கே சட்டம் விரிகிறது என்பதை நம் மேசையில் அன்றாடம் காண்கிறோம்.

தடையால் குதிப்பு நின்றதா? இல்லை, அந்தி மயங்கும் வேளைக்கும் விடியற் பொழுதுக்கும் மாறியது. 1999-ஆம் ஆண்டு ஜூனில் பிராங்க் காம்பலி என்னும் வீரர் எல் கப்பிட்டானினின்று செவ்வனே தரை சேர்ந்தார். பூங்காக் காவலர் துரத்த, தப்ப எண்ணிப் பெருக்கெடுத்த மெர்செட் ஆற்றில் பாய்ந்து மூழ்கினார். மலை கொல்லவில்லை, ஆறு கொன்றது. முறையோடு குதித்தால் அபாயம் குறைவு என்று காட்டுவதற்காக அக்டோபர் 22-ஆம் நாள், செய்தியாளர்கள் முன்னிலையில், ஐவர் அங்கே எதிர்ப்புக் குதிப்பு நடத்த வந்தனர். குதித்தபின் கருவிகள் பறிமுதலாகும் என்பது தெரிந்ததே. ஆதலால் ஜான் டேவிஸ் என்னும் அம்மையார் தம்முடையதை விட்டு, இரவல் பாராசூட்டை அணிந்து நான்காவதாகக் குதித்தார். அது விரியவே இல்லை. கீழே நின்று படமெடுத்தவர் அவருடைய கணவர்.

எனினும் தடை விதித்தவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. ட்ரோல்வெகன் சுவரில் சிக்கியவர்களை மீட்கச் சென்றோர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. விளையாட்டு ஒருவருடையது, அபாயம் மற்றொருவருடையது என்றானது. ஆகவே நார்வே அரசு 1986-இல் அம்மலையில் குதிப்பதைத் தடை செய்தது. ஆனால் அதே நாட்டில், கடற்கழியின் மேல் சுமார் ஆயிரம் மீட்டர் நிற்கும் ஷெராக் மலையில், ஸ்டாவாங்கர் நகரத்துச் சங்கமொன்றின் மேற்பார்வையில் குதிப்பு வெளிப்படையாக நடந்து வருகிறது. வெளிப்படையாக நடந்ததால் கணக்கும் கிடைத்தது. 1995 முதல் 2005 வரை அங்கே 20,850 குதிப்புகள். இறந்தோர் 9 பேர். அதாவது 2,317 குதிப்புக்கு ஓர் உயிர். இது சிறிய எண்ணன்று. ஆயினும், குதிக்க எண்ணுபவர் தம் உயிரின் விலையை அறிந்தே விளிம்புக்குச் செல்ல இக்கணக்கு உதவுகிறது. இருளில் நடக்கும் குதிப்புக்கு எவரும் கணக்கெழுத இயலாது. நம் மனம் ஷெராக் வழியின் பக்கமே சாய்கிறது.

1999-ஆம் ஆண்டு முதல் கடைகளில் விற்பனைக்கு வந்த இறக்கை உடை இக்கலையை மாற்றிவிட்டது. கைகளுக்கும் கால்களுக்கும் இடையே துணிச் சிறகுகள் தைத்த அவ்வுடையால், ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் முன்னே பறக்கலாம். பாறைகளை உரசுவது போல் பறக்கும் ஆசை அதனோடு வந்தது. இறந்தோர் பட்டியல் அதனால் நீண்டது. மலையேற்றத்தில் புகழ் பெற்ற டீன் பாட்டர் 2015-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், தம் தோழரோடு, யோசமிட்டியில் அந்தி வேளையில் இவ்வாறு பறந்து மாண்டார்.

இவ்வுடை நம் இமயத்துக்கும் வந்தது. கங்கோத்திரி யாத்திரை சென்று கோமுகத்தில் நின்ற நேயர்கள் சிவலிங்க சிகரத்தைக் கண்டிருப்பார்கள். அதற்கு அண்மையிலுள்ள மேரு சிகரத்தினின்று 2006-ஆம் ஆண்டு மே மாதம், கிளென் சிங்கிள்மன், ஹெதர் ஸ்வான் என்னும் ஆஸ்திரேலியத் தம்பதிகள் 6,604 மீட்டர் உயரத்தில் குதித்துப் பறந்தனர். 2012-இல் ரஷ்யரான வலேரி ரோசோவ் சிவலிங்க சிகரத்தினின்றே குதித்தார். அடுத்த ஆண்டு எவரெஸ்ட் மலைத்தொகுதியில் 7,220 மீட்டரிலும், 2016-இல் சோ ஓயுவில் 7,700 மீட்டரிலும் குதித்த அவர், 2017-ஆம் ஆண்டு நவம்பரில் நேபாளத்தின் அமா டப்லாமில் உயிர் நீத்தார். மேருவுக்கும் சிவலிங்கத்துக்கும் உச்சி சென்று சேர நாட்கள் பல. பறந்து இறங்க நிமிடங்கள் சில.

இன்று இக்குழாத்தினர் கோடைதோறும் கூடும் இடம் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்துப் பாறை. நடுவே உழவர்களின் புல்வெளி. வானத்தினின்று இறங்குவோர் புல்லை மிதித்துப் பாழாக்குகிறார்கள் என்று உழவர்கள் முறையிட்டனர். மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் அப்புல்தான். அதற்கு இவர்கள் கண்ட வழி, தடையுமன்று, வழக்குமன்று. குதிக்க வருபவர் ஒவ்வொருவரும் இறங்கும் சீட்டு ஒன்றை விலைக்கு வாங்குகிறார். அப்பணம் உழவர்களைச் சேர்கிறது. குதிக்குமுன் ஹெலிகாப்டர் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். புல் உயர்ந்து நிற்கும் நாட்களில், அறுவடையான நிலம் எது என்று பார்த்து அதில் இறங்குகிறார்கள்.